மார்ஷல் அண்ணை சமர்ப்பித்த அறிக்கை

பாரிசில் இருக்கிற அத்தனை தமிழரிலும், பிரான்ஸ் மன்னரின் அரண்மனைக்குள் நேரே நுழைந்து, மன்னரோடு பிழையில்லாமல் நாலு வார்த்தை பேசிவிட்டு வரக்கூடியவர் எங்கள் மார்ஷல் அண்ணை ஒருவர்தான். இதில் இரண்டே இரண்டு சிக்கல்கள் இருந்தன. பிரான்சில் மன்னர் என்று ஒருவர் இல்லாமல் போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. மார்ஷல் அண்ணையிடம் விசாவும் இல்லை. அது கிடைத்தால்தான் ஊரில் இருக்கிற மனைவியையும் மகளையும் அவர் கூப்பிடலாம்.

நான் அவரைச் சந்தித்தது 2009 கடைசியில். லா சப்பல் மெட்ரோவுக்குப் பக்கத்தில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், நாலு பேர் பகிர்ந்துகொண்ட ஒற்றை அறை. அந்த வருடம் எங்கள் தெருவில் யாரும் வாய்விட்டுச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை. நான் வேலை செய்த மரக்கறிக் கடைக்கு வருகிறவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் முருங்கைக்காயைப் பார்த்தே பேசிவிட்டுப் போவார்கள். ஊரில் எல்லாரும் சுகமா என்று கேட்கிற பழக்கத்தையே விட்டிருந்தோம். என்ன பதில் வருமோ என்ற பயம்.

அப்படி ஒரு நாளில் பையைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடியும் ஏறி, மூச்சு வாங்க, ஜன்னலோரம் பையை வைத்தேன். சாரமும் அதற்கு மேலே குளிர்க்கோட்டும் அணிந்த ஒரு நடுத்தர வயதுக்காரர் எழுந்து வந்தார்.

"தம்பி, உது இடப்பக்கப் படையின்ரை இடம். நீர் வலப்பக்கம் பாளையம் போடும்."

"ஆர் அண்ணை இடப்பக்கப் படை?"

"குகன். இன்னும் வந்து சேரேல்லை. கூட்டாளிப் படை ஒரு நாளும் நேரத்துக்கு வாறதில்லை."

பல மாதங்களுக்குப் பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். அவர் சிரிக்கவில்லை. அவர் பகிடி விடவில்லை என்று விளங்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

குகன் கீழே ஒரு தொலைபேசிக் கடையில் வேலை செய்கிறவன். நாலாவது ஆளுக்கு இரவு வேலை. மூன்று வருடத்தில் அவருடைய போர்வையைத்தான் நாங்கள் ஒழுங்காகப் பார்த்தோம். மார்ஷல் அண்ணையின் ஏற்பாட்டில் அவர் 'ரிசர்வ் படை'.

மார்ஷல் அண்ணைக்கு இந்தப் பைத்தியம் பிடித்த கதை சுருக்கமானது. வந்த புதிதில் பாரிசுக்கு வெளியே ஆர்ஜொந்தெய் என்ற ஊரில் ஒரு உறவினர் வீட்டில் இருந்தார். பிரெஞ்சு படிக்க என்ன வழி என்று கேட்டிருக்கிறார். "புத்தகம் வாசியுங்கோ" என்று உறவினர் சொல்லியிருக்கிறார். எந்தப் புத்தகம் என்று சொல்லவில்லை, அதுதான் வினை. மறுநாள் காலை வீதியோரம், பழைய மெத்தையும் உடைந்த கதிரையும் வெளியே போட்டிருந்த இடத்தில், செங்கல் பருமனில் ஒரு புத்தகம் கிடந்தது. அட்டை இல்லை. முதல் பதினாறு பக்கம் இல்லை. கடைசியில் எத்தனை பக்கம் இல்லை என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அது பதினேழாம் நூற்றாண்டில் மார்ஷல் பட்டம் பெற்ற ஒரு பிரெஞ்சுத் தளபதி போர்க்களத்திலிருந்து மன்னருடைய மந்திரிக்கு எழுதிய அறிக்கைகளின் தொகுப்பு. ரைன் நதிக்கரையில், சுவீடன்காரரோடும் ஜெர்மன் சிற்றரசர்களோடும் கூட்டுச் சேர்ந்து அவர் போர் செய்துகொண்டிருந்தார். போர் செய்தார் என்பதைவிட, கூட்டாளிகளைப் பற்றி முறைப்பாடு எழுதிக்கொண்டிருந்தார் என்பதுதான் பொருத்தம். அதை மார்ஷல் அண்ணை அகராதியும் கையுமாக இரண்டு வருடம் இருந்து படித்தார். வேறு ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தையும் தொடவில்லை. படித்த பிரெஞ்சுக்காரர் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள் என்று நம்பிவிட்டார்.

விளைவை நான் முதலில் கண்டது பாண் கடையில். நான் விரலைக் காட்டியே காரியத்தை முடிக்கிறவன். மார்ஷல் அண்ணை தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். அவர் சொன்ன பிரெஞ்சைத் தமிழில் சொல்வதானால் இப்படி இருக்கும்: "அம்மணி, தங்கள் மேலான பணிகளுக்கு இடையூறு நேராதெனில், இவ்வடியேனுக்கு ஒரு பாணை வழங்கும்படி ஆணையிடும் தயவு தங்களுக்கு உண்டாகுமா?" கடைப் பெண் ஒரு கணம் திகைத்தாள். பிறகு உள்ளே போய், சூடான பாண் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி இரண்டு கையாலும் கொடுத்தாள். எனக்கு முந்தின நாள் பாண் கிடைத்தது.

அந்தத் தளபதியிடம் அவர் மொழியோடு நிறுத்தவில்லை, குணத்தையும் சேர்த்துப் படித்துவிட்டார். தளபதி எந்த அறிக்கையையும் வானிலையில்தான் தொடங்குவார். அடுத்தது குதிரைத் தீவனம். அதன் பிறகுதான் போர். தோற்றோம் என்ற சொல் மருந்துக்கும் வராது. ஓடிவந்தால் 'மேலான நிலத்துக்கு இடம் மாறினோம்'. அப்படியும் மறைக்க முடியாத நட்டம் வந்தால் அது கூட்டாளியின் பிழை. சுவீடன்காரர் பிந்தி வந்தார்கள், ஜெர்மன்காரர் பாண் வராமல் நடக்கமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள், இப்படி.

இந்தச் சங்கதிகளை அவர் ஃபொபூர் சேன்-தெனி தெருவில் ஒரு தேநீர்க் கடையில் இருந்து அன்றைய செய்தி மாதிரியே சொல்வார். "சுவீடன்காரன் ஆத்தைக் கடக்கமாட்டன் எண்டு நிக்கிறான். எங்கடை ஆள் தனிய என்ன செய்யிறது?" என்று தலையில் கைவைப்பார். ஒரு நாள் பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் பதறிப்போய், தொலைபேசியும் கையுமாக வெளியே ஓடினார். அவருடைய மகன் சுவீடனில் இருந்தான். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"தம்பி, மகனிட்டைக் கேட்டனான். அங்கை ஒரு பிரச்சினையும் இல்லையாம். வேலைக்குப் போட்டு வாறானாம்."

"அவை அப்பிடித்தான் சொல்லுவினம்" என்றார் மார்ஷல் அண்ணை.

அந்தப் போர் எப்படி முடிந்தது என்று கேட்டால் கோபம் வரும். "கடைசிப் பக்கங்கள் இல்லை. பிறகு எப்பிடி முடியும்? நடந்துகொண்டுதான் இருக்குது." நூலகத்தில் போய்ப் பார்க்கலாமே என்று குகன் ஒருமுறை வாய்தவறிச் சொன்னான். ஒரு கிழமை அவனோடு பேச்சு வார்த்தை இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அறையில் கூட்டுச் சமையல். சாப்பிட்டுக் கைகழுவ முன்னமே மார்ஷல் அண்ணையின் அறிக்கை குளிர்பெட்டிக் கதவில் ஒட்டப்பட்டிருக்கும். பிரெஞ்சில் ஒன்று, எங்களைப் போன்ற மரமண்டைகளுக்காகத் தமிழில் ஒன்று. ஆட்டிறைச்சி அடிப்பிடித்த நாளின் அறிக்கை எனக்கு இன்னும் மனப்பாடம்:

"வானம் மேகமூட்டம். எரிவாயு திருப்தி. பகல் பதினொரு மணிக்கு இறைச்சி முற்றுகையிடப்பட்டது. தேங்காய்ப்பால் கொண்டுவர அனுப்பப்பட்ட இடப்பக்கப் படை, வழியில் ஒரு பெண்மணியுடன் சமாதானப் பேச்சுவார்த்தையில் இறங்கியதால் ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது. வெங்காயத்துக்குப் பொறுப்பான வலப்பக்கப் படை கண்ணீர் சிந்தியதே தவிர முன்னேறவில்லை. இந்நிலையில் இறைச்சியானது சட்டியின் அடியில் உறுதியான நிலை எடுத்துக்கொண்டது. அதன் வீரத்தை நாம் மதிக்கிறோம்."

அடுப்பு முன்னால் நின்று தொலைபேசியில் கதைத்துக்கொண்டே அதை எரியவிட்டவர் அவர்தான். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அவர் கதைத்துக்கொண்டிருந்தது மல்லாகத்தில் இருந்த மனைவியோடு. மகளை ஒன்றரை வயதில் விட்டுவிட்டு வந்தவர். அவளுக்கு அப்பா என்றால் தொலைபேசியில் வருகிற ஒரு குரல், அவ்வளவுதான். அந்தக் குரலும் லேசுப்பட்ட குரலா? ஒருமுறை தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டுக் கதவைத் திறக்கப் போனார். மறுமுனையில் அவருடைய மனைவி, எங்களுக்கு அக்கா, அழாக்குறையாகச் சொன்னா:

"தம்பி, இவர் முதல் பத்து நிமிசமும் பாரிஸ் மழையைச் சொல்லுறார். பிறகு தீவனம் காணுமோ எண்டு கேக்கிறார். எங்களிட்டை ஒரு கோழியும் இல்லை! பிள்ளை வாய் திறக்க முன்னம் கார்ட் முடிஞ்சுபோகுது. நீங்களாவது அவருக்குச் சொல்லுங்கோவன்."

நான் சொன்னேன். "தளபதியின்ரை மனுசியும் இப்பிடித்தான் ஏசியிருப்பா" என்று பெருமைப்பட்டார்.

மெல்ல மெல்ல அவருடைய பிரெஞ்சின் புகழ் தெருவில் பரவியது. என் கடை முதலாளியின் மகனுக்கு உடம்பெல்லாம் கொப்புளிப்பான் வந்தபோது, பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுத மார்ஷல் அண்ணையைத்தான் கூப்பிட்டார்கள். "கொப்புளிப்பான் திங்கள் விடியற்காலை முன்னறிவிப்பின்றி எல்லையைக் கடந்தது. செவ்வாய்க்குள் வயிறும் முதுகும் எதிரி வசமாயின. முகம் மட்டும் இரண்டு நாள் தாக்குப்பிடித்தது" என்று எழுதிக் கொடுத்தார். ஆசிரியை அதை வகுப்பில் உரக்க வாசித்துக் காட்டி, எழுதியவரைப் பார்க்க ஆசை என்று சொல்லியனுப்பினா. முதலாளியின் மூத்த மகள் இங்கேயே பிறந்தவள். கடைக்கு வந்து, அங்கே நின்ற மார்ஷல் அண்ணையின் முகத்துக்கு நேரே பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள். இந்தக் காலத்தில் ஒருத்தரும் இப்படிப் பேசுவதில்லையாம், பள்ளியில் எல்லாரும் சிரிக்கிறார்களாம்.

"அதுதான் பிள்ளை உங்கடை நாடு இப்பிடிக் கிடக்குது" என்றார் மார்ஷல் அண்ணை.

சிரிப்பெல்லாம் ஒரு பக்கம். அவருடைய அகதி வழக்கு ஏற்கெனவே ஒருமுறை நிராகரிக்கப்பட்டிருந்தது. அதற்கு எங்கள் ஆட்களின் பழக்கம்தான் காரணம். வந்திறங்கியவுடன் 'கேஸ்' எழுதித் தருகிற ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் உங்கள் சொந்தக் கதையைக் கேட்கமாட்டார். "உதுகள் எடுபடாது" என்று சொல்லி, தன்னிடம் இருக்கிற எடுபடும் கதையில் பெயரையும் ஊரையும் மாற்றித் தந்துவிடுவார். ஒரே கதையை ஒரே மாதத்தில் பலர் கொண்டுபோனால் அதிகாரிதான் என்ன செய்வார்? சொந்த அனுபவமாகத் தெரியவில்லை என்று எழுதிவிட்டார். மிச்சம் இருந்தது மேல்முறையீடு ஒன்றுதான். அதுவும் போனால் மனைவி, மகள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மார்ஷல் அண்ணை முடிவெடுத்தார். "இந்தமுறை அறிக்கையை நானே சமர்ப்பிக்கிறன். பிரெஞ்சிலை."

குகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணை, அரை மணித்தியாலம்தான் தருவாங்கள். உங்கடை வானிலைக்கே அது காணாது."

ஒத்திகை வைத்தோம். ரிசர்வ் படையின் போர்வையை அங்கியாகப் போர்த்திக்கொண்டு குகன் நீதிபதியானான். நான் கையில் கடிகாரத்தோடு இருந்தேன். பத்தொன்பது நிமிடம் மழை. பதினொரு நிமிடம் வீதியின் நிலைமை.

"அண்ணை, நீங்கள் இன்னும் வீட்டை விட்டே வெளிக்கிடேல்லை" என்றான் நீதிபதி.

"அவசரப்பட்டால் உமக்குக் களம் விளங்காது."

ஐந்து தரம் ஒத்திகை பார்த்தோம். ஐந்து தரமும், ஊரைவிட்டுத் தப்பியபோது கடந்த கடலேரியின் கரைக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, "தேத்தண்ணி வைப்பம்" என்று எழுந்துவிடுவார். நேரம் போய்விட்டதால் நிறுத்துகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். மடையர்கள். வழக்கறிஞர் ஒரு இளம் பிரெஞ்சுப் பெண். தமிழிலேயே சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் இருப்பார் என்று அவள் கெஞ்சினாள். மொழிபெயர்ப்பாளரை நம்பித்தான் தளபதி ஒரு கோட்டையை விட்டார் என்று அவளுக்குப் பதில் கிடைத்தது.

விசாரணை நாளில் குகனும் நானும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். மேடையில் மூன்று நீதிபதிகள். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு வயதான அம்மா. மொழிபெயர்ப்பாளர் பாண்டிச்சேரிக்காரர், நல்ல மனிதர். மார்ஷல் அண்ணை பக்கம் சாய்ந்து, "முசியே, நீங்க தமிழ்லயே சொல்லுங்க, நான் பாத்துக்கறேன். பயப்படாதீங்க" என்றார்.

மார்ஷல் அண்ணை எழுந்து நின்றார். குனிந்து வணங்கினார். "மாட்சிமை பொருந்திய சீமாட்டியே, தங்கள் சமூகத்தில் என் அறிக்கையைச் சமர்ப்பிக்கும் பெரும்பேற்றை..." என்று அந்தப் பழைய பிரெஞ்சில் தொடங்கினார். வலது பக்க நீதிபதியின் பேனா கீழே விழுந்தது. மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்தபடி இருந்தார். வழக்கறிஞர் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினா. இந்தப் பிரெஞ்சை எங்கே படித்தீர்கள் என்று கேட்டா.

"ஆர்ஜொந்தெயில், அம்மணி. குப்பையிலிருந்து."

மூன்று நீதிபதிகளும் சிரித்துவிட்டார்கள். சிரித்து முடித்ததும் அந்த அம்மா மெதுவாகச் சொன்னா. மழை பெய்தது என்பதை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். கடலேரியைக் கடந்த நாளை மட்டும் சொல்லுங்கள்.

மார்ஷல் அண்ணை நிமிர்ந்து நின்றார். அதே பிரெஞ்சில் சொன்னார். அந்தப் பாண்டிச்சேரிக்காரர் பிறகு வெளியே வந்து எங்களுக்குத் தமிழில் திருப்பிச் சொன்னதால்தான் எனக்கு முழுவதும் தெரியும். "தண்ணீர் நெஞ்சு மட்டும் இருந்தது. பதினொரு பேர் இறங்கினோம். துப்பாக்கிச் சூடு நடந்தது. எட்டுப் பேர் கரையேறினோம். மற்ற மூவரில் ஒருவன் என் தம்பி. அவனுக்கு நீந்தத் தெரியாது. அவன் கையைப் பிடித்திருந்தவன் நான். விட்டவனும் நான். இதற்கு வேறு எவரும் பொறுப்பில்லை."

அவ்வளவுதான். நாலு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரே அறையில் அவர் பக்கத்தில் படுத்து எழும்பியவன் நான். அவருக்கு ஒரு தம்பி இருந்தான் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். தமிழில் அவரால் அதை ஒருவரிடமும் சொல்ல முடிந்திருக்காது. எங்கோ முந்நூறு வருடத்துக்கும் முந்தைய, யாரோ ஒருவருடைய மொழி அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது. அவரைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பெல்லாம் நினைவுக்கு வந்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மூன்று கிழமை கழித்து முடிவு ஒட்டினார்கள். பார்க்க வரமாட்டேன் என்று அவர் அறையிலேயே இருந்துவிட்டார். நானும் குகனும் பட்டியலைப் பார்த்துவிட்டு ஓடிவந்து ஐந்து மாடியும் ஏறினோம். குகனுக்கு மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் 'வெற்றி' என்று எழுதி நீட்டினான். மார்ஷல் அண்ணை வாங்கிப் பார்த்தார்.

"வானிலை எங்கை?" என்றார். பிறகு அப்படியே நிலத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

குடும்பம் வந்து சேர அதன் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. விமானம் பின்னேரம் இரண்டு மணிக்கு. களத்தை முன்கூட்டியே பிடிக்க வேண்டும் என்று காலை எட்டு மணிக்கே என்னை ருவாசி விமான நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். குகனுடைய கோட் சூட் போட்டிருந்தார். கோட்டின் கை இரண்டும் முழங்கைப் பக்கமாக ஏறி நின்றன. வரவேற்புரை நாலு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தார். ஆறு மணித்தியாலத்தில் அதை எனக்கு ஏழு தரம் வாசித்துக் காட்டினார். முதல் பக்கம் எதைப் பற்றி என்று நான் சொல்லத் தேவையில்லை.

கதவு திறந்து அக்கா வந்தா. சட்டையைப் பிடித்தபடி ஆறரை வயதுப் பிள்ளை. மூன்று பேரும் கொஞ்ச தூரம் விட்டு நின்றுவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் தள்ளுவண்டியோடு சுற்றிக்கொண்டு போனார்கள். பிள்ளை அவரை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தாள்.

"நீங்கள்தானோ ஃபோன் அப்பா?"

மார்ஷல் அண்ணை வாயைத் திறந்தார். அந்த நாலு பக்கத்தையும் விரித்தார்.

"ஓம்" என்றார்.

நாலு பக்கத்தையும் கோட் பைக்குள் திணித்தார். முழங்காலில் இருந்தார். பிள்ளை கிட்ட வந்து, விரலால் அவருடைய மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். அக்கா அழுதுகொண்டே சிரித்தா. நான் பெட்டிகளைத் தூக்குகிற சாட்டில் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த மாதமே அவர்கள் வீடு பார்த்துக்கொண்டு ஆர்ஜொந்தெய்க்குப் போய்விட்டார்கள். அதன் பிறகு நான் எத்தனையோ பேரோடு அறை பகிர்ந்திருக்கிறேன். எல்லாரும் என்னைவிட ஒழுங்கானவர்கள், சாதாரணமாகப் பேசுகிறவர்கள். ஆனால் எங்கள் வாழ்க்கையிலேயே மோசமான அந்த வருடங்களில், லா சப்பலின் ஐந்தாம் மாடியில், நான் தனியாக இருக்கிறேன் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. இதை அவரிடம் நான் இதுவரை சொன்னதில்லை. இந்தக் கதையை வாசித்துவிட்டு ஏசுவார். ஏசட்டும், அந்தக் குரலைக் கேட்டும் கனநாளாகிவிட்டது.